மாப்பிள்ளை போட்ட கட்டம்

ஒரு குடும்பத்தைப் பிரிக்க வாய்த்தகராறு வேண்டும், வரப்புத் தகராறு வேண்டும், குறைந்தபட்சம் ஒத்துப்போகாத இரண்டு மருமகள்களாவது வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வேண்டாம். ஒரு புரொஜெக்டர் போதும். அதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல என்னைப் போல் படித்தவன் ஒருவன் கிடைத்துவிட்டால், காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

என் பெயர் தமிழ்க்குமரன். ஊர் ஒதியம்பட்டு. சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் டேட்டா கவர்னன்ஸ் பிரிவில் இருந்தேன். அப்படியென்றால் என்ன என்று என் அம்மா ஒருமுறை கேட்டாள். "கம்பெனியில எந்தத் தகவல் யார் பொறுப்புல இருக்கணும், யார் பாக்கலாம், யார் மாத்தலாம்னு முடிவு பண்றதும்மா" என்றேன். "அதுக்குன்னு ஒரு ஆளா?" என்றாள். அதே கேள்வியை நிறுவனமும் கொஞ்ச நாளில் கேட்டுக்கொண்டது. அம்மாவாவது கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

வேலை போனவனுக்கு மாமியார் வீடுதான் கதி என்று ஊரில் பேசுவார்கள். எனக்குக் கதியாக வாய்த்தது மாமியார் வீட்டு ஷெட். மடுகரையில் என் மாமனார் குழந்தைவேல் தொடங்கிய தொழில் அது: குழந்தைவேல் அக்ரோ சர்வீஸ். டயரில் ஓடுகிறதும் பெல்ட்டில் ஓடுகிறதுமாக நெல் அறுக்கும் மெஷின்கள், டிராக்டர்கள், வைக்கோல் கட்டும் மெஷின் எல்லாம் வாடகைக்கு விடுவது. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் மூவரும் நடத்துகிறார்கள். மூத்தவர் தங்கவேல், வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டாமவர் ராஜ்மோகன், வண்டிகளையும் டிரைவர்களையும் பார்த்துக்கொள்கிறவர். கடைக்குட்டி அருள்மொழி, என் மனைவி. வண்டிகளின் முதுகில் பெயிண்டால் எழுதியிருப்பது அவளுடைய போன் நம்பர். அறுவடைக் காலத்தில் காலையில் அந்தப் போனைக் காதில் வைத்தாளென்றால் பொழுது சாயும்வரை எடுக்க மாட்டாள்.

ஷெட்டில் எனக்கு ஃபேனுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். டீ வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ வந்தது. வேலை மட்டும் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை சொல்வது மரியாதை இல்லையாம். எழுந்து ஒரு ஸ்பேனரைத் தொட்டால்கூட, "நீங்க சும்மா உக்காருங்க மாப்ள" என்று நாலு பேர் ஓடிவந்தார்கள். சும்மா இருப்பவனுக்குத்தான் அடுத்தவன் குறை பளிச்சென்று தெரியும். எனக்கும் தெரிந்தது.

அந்தத் தொழிலின் தகவல் அத்தனையும் காற்றில் இருந்தது. தங்கவேல் மச்சானின் போனில் வாடிக்கையாளர் ஒருவர் பெயர்கூட உருப்படியாக இல்லை. 'பம்புசெட் நீலம்', 'பாகூர் கோச்சிக்குவாரு', 'சித்தப்பா மாதிரி இருப்பாரு' என்றெல்லாம் சேமித்து வைத்திருந்தார். ராஜ்மோகன் மச்சானோ எந்த வண்டி எங்கே, எதற்கு பெல்ட் மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஷெட்டுத் தூண்களில் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருந்தார். சாய்ந்து நின்று பேசுகிறவர்களின் சட்டைக்கு அதில் பாதி போய்விடும். அருள் தன் பங்குக்குத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவாள். நான் பெருமூச்சு விட்டேன். ஒரு டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடிக்கும்போது விடுவாரே, அந்தப் பெருமூச்சு.

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமானபோது அது நடந்தது. கரியமாணிக்கத்தில் பச்சையப்பன் என்கிற விவசாயியின் நிலத்துக்குத் தங்கவேல் ஒரு மெஷினை அனுப்பினார். ராஜ்மோகனும் ஒன்றை அனுப்பினார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்று கிழக்கேயும் மற்றது மேற்கேயும் இறங்கி, நடுநிலத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. வேறு கம்பெனிக்காரன் புகுந்துவிட்டான் என்று இரண்டு டிரைவர்களும் இறங்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். அதே நேரம் பாகூரில் மெஷினுக்காகக் காத்திருந்தவர் போனில் எங்கள் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். பச்சையப்பன் மட்டும் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு டிபன் வருவதற்கு முன்பே அறுவடை முடிந்துவிட்டது.

அன்று மாமியார் ஆண்டாள் என்னிடம் வந்தார். "மாப்ள, நீங்க பெரிய கம்பெனியில இருந்தவுரு. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

எத்தனை மாதமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்! லேப்டாப்பைத் திறந்தேன்.

முறைப்படி எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். தங்கவேலிடம், "தொழில் நடத்த உங்க தம்பிக்கு என்னென்ன தகவல் தெரியணும் மச்சான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒண்ணும் தெரிய வேணாம் மாப்ள" என்றார்.

ராஜ்மோகனிடம், அண்ணனுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். "அவருக்கு இன்னா தெரியணும்? ஒண்ணும் வேணாம்" என்றார். இருவர் பதிலும் ஒன்றாக இருந்ததால், 'ஒருமித்த கருத்து' என்று எழுதிக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து கட்டம் போட்டேன். இடதுபக்கம் பச்சையில் ஒரு பெரிய கட்டம்: வாடிக்கையாளர்கள், அவர்களின் நிலம், ஊர், முன்பதிவு. வலதுபக்கம் நீலத்தில் ஒரு பெரிய கட்டம்: வண்டிகள், டிரைவர்கள், டீசல், பழுது. நடுவே தடித்த சிவப்புக் கோடு. இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கத்துத் தகவலைத் தொடக் கூடாது. வேண்டுமென்றால் அனுமதி கேட்டு வாங்க வேண்டும். எது யார் பொறுப்பு என்பதை மட்டும் காலியாக விட்டேன். கூட்டத்தில் அவர்களே தேர்ந்தெடுத்தால்தான் திட்டம் நிலைக்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். 'தகவல் ஆளுமைக் குழு. தலைவர்: தமிழ்க்குமரன்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'யார் எதைப் பார்க்கலாம் என்பதில் இறுதி முடிவு தலைவருடையது.' குழுவில் வேறு யாரும் இல்லை. அம்புக்குறிகளின் நிறத்துக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது செலவழித்தேன்.

கூட்டத்துக்கு நாள் குறித்தது அத்தை. "வெள்ளிக்கிழம நாள் நல்லாக்குது மாப்ள" என்றார். மீட்டிங்குக்கு நாள் பார்க்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். அன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் வந்தன. பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பெரியவர்களும் வெள்ளைச் சட்டையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தொழில்மேல் ஊரார் வைத்திருக்கும் அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மெஷின்களுக்கு நடுவே மச்சானின் வேட்டியைத் திரையாகக் கட்டினோம். படம் விழுந்ததும் அத்தை அதற்குக் கற்பூரம் காட்டினார். என் ஸ்லைடுக்கு அதுவரை எந்த மேனேஜரும் கற்பூரம் காட்டியதில்லை.

அருள் உள்ளே இல்லை. ஷெட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று வெளியே தண்ணீர்த் தொட்டியருகே நின்று, யாருடைய நிலத்துக்கு எப்போது வண்டி வரும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்காகக் காத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் விளக்கி முடித்ததும் தங்கவேல் எழுந்தார். "அப்ப இந்தப் பக்கம் இருக்கறதுல அந்தப் பக்கத்து ஆளு கைய வெக்க முடியாது?"

"முடியாது மச்சான்."

"அந்தப் பக்கத்த இந்தப் பக்கத்து ஆளு?"

"கண்டிப்பா முடியாது."

"நடுவுல இந்த செவப்புக் கோடு?"

"அதான் ரொம்ப முக்கியம். அத தாண்டணும்னா கேட்டுத்தான் தாண்டணும்."

தங்கவேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரொஜெக்டர் வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர்களில் ஒருவர், "சரி, ஆவ வேண்டியதப் பாருங்க" என்றார். தங்கவேல் தொண்டையைச் செருமினார். "மூத்தவன் பங்கு வெக்கணும், எளையவன் மொதல்ல எடுக்கணும். அதான வழக்கம்? மாப்ள எனக்காக வெச்சிட்டதா இருக்கட்டும். தம்பி எடுத்துக்கட்டும்."

ராஜ்மோகன் யோசிக்கவே இல்லை. பச்சைக் கட்டத்தைக் காட்டி, "காசு வர்றது இந்தப் பக்கந்தான்" என்றார். வாடிக்கையாளர்கள்! வண்டியோடு பிறந்து வண்டியோடு வளர்ந்தவர், தெரியாத துறையைத் துணிந்து கேட்கிறாரே! "அருமை!" என்று கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் பக்கத்தில் போய், "புது முறை ஆரம்பத்துல கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் அத்தை" என்று ஆறுதல் சொன்னேன்.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் நட்டநடுவே மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் வண்டிகள். மறுபக்கம் ஒரு மேஜை, நாற்காலி, ராஜ்மோகன். திட்டத்தை ஒரே இரவில் இவ்வளவு தீவிரமாக அமல்படுத்திய நிறுவனத்தை நான் பார்த்ததில்லை. போட்டோ எடுத்து லிங்க்ட்இன்னில் போட்டேன். 'கிராமப்புறத்திலும் சாத்தியமே' என்று தலைப்பு வைத்தேன். என்னை வேலையை விட்டு அனுப்பிய மேனேஜர் முதல் ஆளாக லைக் போட்டார்.

பச்சையப்பன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். முன்பு அறுத்தது போக அவருக்குக் கீழ்க்கழனி பாக்கி இருந்தது. வானிலை அறிக்கையில் மழை சொல்லியிருந்தார்கள். நேராக ராஜ்மோகனிடம் போனார். "சின்னவரே, வண்டி?"

"வண்டிலாம் அண்ணன் பக்கம்."

தட்டியைச் சுற்றிக்கொண்டு தங்கவேலிடம் போனார். "பெரியவரே, நாளைக்கு வண்டி வேணும்பா."

தங்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன்ன எனக்குத் தெரியாது பச்சையப்பா. நீ தம்பி பங்கு."

"இன்னாது? உன் பையன் காதுகுத்துக்கு வந்து மொத ஆளா பந்தியில ஒக்காந்தனே, அதுவும் உன் தம்பி பங்குல பூட்ச்சா?"

தங்கவேலுக்கு ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடத் தெரியாது. ராஜ்மோகனுக்கு யார் நிலத்துக்கு எந்த வழியில் போவது என்பதே தெரியாது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத வண்டிகள். இந்தப் பக்கம் வண்டியில்லாத ஆட்கள். பச்சையப்பன் கடைசியாக என்னிடம் வந்தார். "பாகம் பிரிக்கிறவங்க அறுப்பு முடிஞ்சி பிரிக்கக் கூடாதாய்யா? நெல்லு கழனியில நிக்கும்போதா? ஊரே சொல்லுது, மாப்ளதான் முன்ன நின்னு பிரிச்சி வெச்சாராமே."

பாகம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் வெற்றிலை பாக்கு, வெள்ளைச் சட்டைப் பெரியவர்கள், கற்பூரம், அத்தையின் கண்ணீர் எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவனுக்காவது, கையில் இருப்பது குரங்கு என்று உடனே தெரிந்திருக்கும். நான் அதற்கு லைக் வேறு வாங்கியிருந்தேன்.

வீட்டுக்குள் ஓடினேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அத்தை, நான் சொத்தப் பிரிக்கல. தகவலத்தான் பிரிச்சேன்."

"எந்தக் கழனி யாருதுன்றது ஒருத்தங்கிட்ட, வண்டி ஒருத்தங்கிட்ட. அப்பறம் பிரிக்க மிச்சம் இன்னாக்குது மாப்ள, ஷெட்டு தகரமா?" என்றார். கோபமெல்லாம் இல்லை. "பசங்க ரெண்டும் ரொம்ப நாளா மனசுல வெச்சிகினு இருந்துதுங்க. நான் இருக்கேன்னு வாயத் தொறக்கல. நீங்க தொறந்து வெச்சிட்டீங்க. என்னிக்கு இருந்தாலும் நடக்கறதுதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆனா உங்களுக்குப் பெரிய மனசு மாப்ள. அருளுக்கு ஒண்ணும் வேணாம்னு நீங்களே அத்தினி பேரு முன்னால போட்டுக் காமிச்சிட்டீங்க. வேற ஒருத்தரா இருந்தா மொதல்ல பொண்டாட்டி பங்க எடுத்து வெச்சிட்டுதான் மறுவேல பாப்பாங்க. நொத்தேர்கிட்ட சொல்லியாச்சி. அவ ஒரு விடுதலப் பத்திரத்துல கையெழுத்து போட்டாப் போதும்." பத்திரம் எழுதுகிறவரை அத்தை இன்னும் நொத்தேர் என்றுதான் சொல்வார்.

பின்னால் ஏதோ நிழலாடியது. திரும்பினேன். வாசற்படியில் போனும் கையுமாக அருள் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று பைக்கில் ஒதியம்பட்டு திரும்பும்போது, வில்லியனூர் வருவதற்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஓடித் தப்பிக்க வழியில்லாத இடமாகப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள்.

"அந்தப் படத்துல நான் எங்க இருக்கேன்?"

"நீதான் எல்லா எடத்துலயும் இருக்கியே."

"எந்தக் கட்டத்துல?"

"கட்டம்னு தனியா இல்ல. நீ யூசர்."

"யூசர்னா?"

"பயன்படுத்தறவங்க."

"எங்கப்பா ஆரம்பிச்ச கம்பெனியில நான் பயன்படுத்தறவ. நீங்க தலைவரு."

"அருள், அந்தத் தங்கக் கலர் கட்டத்துல என் பேரு இருக்குதில்ல? என் பேரு இருந்தா உன் பேரு இருக்கற மாதிரிதான?" பக்கத்தில் கேஸ் சிலிண்டரோடு பைக்கில் நின்றவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை. "நீ வேற நான் வேறயா?" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெரியண்ணன் என்ன வுட்டுட்டாருன்னா அவருக்குக் கொழந்த குட்டி இருக்குது. சின்னண்ணன் வுட்டுட்டாருன்னா அவரு புத்தி அது. எங்கப்பா ஒண்ணும் எழுதாமயே பூட்டாரு, அதுகூட சரி. நீங்க கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சி, ஒக்காந்து, யோசிச்சி யோசிச்சி, கலர் கலரா அடிச்சீங்க. அதுல நான் இல்ல. வண்டிக்குக் கட்டம் இருக்குது. டீசலுக்கு இருக்குது. எனக்கு இல்ல."

ரயில் வந்தது. இவ்வளவு மெதுவாக ஒரு ரயில் போய் நான் பார்த்ததே இல்லை. கேட் திறந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். அவமானமாக இருந்தது. அவளை ஒதுக்க வேண்டும் என்று நினைத்திருந்தாலாவது என்னைக் கெட்டவன் என்று சொல்லலாம். அவளைப் பற்றி நினைக்கவே இல்லை. கல்யாணமாகிவிட்டதால் அவள் எனக்குள் அடக்கம் என்று அவள் அண்ணன்கள் எப்படி முடிவு செய்தார்களோ, அப்படியே நானும் முடிவு செய்திருக்கிறேன். அவர்கள் பத்தாவதோடு நின்றவர்கள். நான் அதற்காகச் சான்றிதழ்ப் படிப்பெல்லாம் முடித்தவன்.

கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று வானம் மூடிக்கொண்டு நின்றது. ஷெட்டில் வெற்றிலைத் தட்டு இருந்தது; அதே பெஞ்சில் பெரியவர்களும் இருந்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் பாகூரிலிருந்து வந்திருந்தார். கைப்பை, மூக்குக் கண்ணாடி, நல்ல நிதானம். அருளின் போன் மேஜைமேல் இருந்தது. மழைக்கு முன் அறுத்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக அழைத்துக்கொண்டிருந்தார்கள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தட்டிக்கு இருபக்கமும் இருந்த இரண்டு அண்ணன்களும் அதையே பார்த்தார்கள்.

பத்திரக்காரர் படிக்க ஆரம்பித்தார். "அருள்மொழி ஆகிய நான், எனது தகப்பனார் சொத்தில் எனக்குள்ள பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து..."

"கொஞ்சம் இருங்க" என்றாள் அருள். என்னைப் பார்த்தாள். "அந்தப் படத்தப் போடுங்க."

வேட்டியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தட்டியின் மேலேயே போட்டேன். மூங்கில் பிளாச்சுகளில் பச்சையும் நீலமும் நெளிந்து நெளிந்து தெரிந்தன.

"பெரியண்ணா, வழக்கம் இன்னா? எளையவங்க மொதல்ல எடுக்கணும். அதான?"

"அதான்" என்றார் தங்கவேல்.

"எளையவ நானு. நான் எடுக்காத சின்னண்ணன் எடுத்தது எப்டி செல்லும்?"

ராஜ்மோகன் எழுந்துவிட்டார். "இன்னா பேசற நீ? கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இதுல இன்னா எடம்?"

பத்திரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, எடம் இருக்கறதாலதான் விட்டுக்குடுக்கச் சொல்லி எழுதிகினு வந்துக்கறேன். இல்லாத பங்குக்கு எதுக்குப்பா விடுதல?"

பெஞ்சுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தரையைப் பார்த்தார். தங்கவேல்தான், "எடும்மா. உனுக்கு எது வேணும்?" என்றார்.

வாடிக்கையாளர்களைக் கேட்டால் ராஜ்மோகன் போச்சு. வண்டிகளைக் கேட்டால் தங்கவேல் போச்சு. யார் தலையில் விழப்போகிறதோ என்று எல்லாரும் அவள் விரலைப் பார்த்தார்கள். விரல் பச்சைக்கும் போகவில்லை, நீலத்துக்கும் போகவில்லை. மேலே, தங்க நிறத்தில் இருந்த சின்னக் கட்டத்துக்குப் போனது.

ராஜ்மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல ஒண்ணுமே இல்லியே!"

அவள் கிட்டே போய்ப் பொடி எழுத்தை வாசித்தாள். "யார் எதைப் பார்க்கலாம் என்பதில் இறுதி முடிவு தலைவருடையது."

அந்த வரியை யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். ராஜ்மோகனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது மாப்ளயோடதாச்சே" என்றார் தங்கவேல்.

"அவரு பேரு இருந்தா என் பேரு இருக்கற மாதிரின்னு அவருதான் சொன்னாரு. கேளுங்க."

அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஆமாம்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப முடிவு சொல்றேன்" என்றாள் அருள். "ரெண்டு பக்கத்தையும் ரெண்டு பேரும் பாக்கலாம். நானும் பாப்பேன். வண்டி எங்க போவுதுன்னு நான் சொல்றதுக்கு முன்ன ஒரு வண்டியும் ஷெட்ட வுட்டு நகரக் கூடாது. இப்ப அந்த நடுக் கோட்ட எடுங்க."

நான் லேப்டாப்பிடம் ஓடினேன்.

"அங்க இல்ல" என்றாள். "தட்டிய."

யார் முதலில் கை வைப்பது என்று ஒரு தயக்கம் இருந்தது. ராஜ்மோகன் எழவில்லை. தங்கவேல்தான் எழுந்து ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தார். வண்டி ஓட்டத் தெரியாமல் வண்டிகளுக்கு நடுவே சில நாள் உட்கார்ந்திருந்ததில் மனிதர் இளைத்தே போயிருந்தார். அடுத்த மூலைக்குப் போகும்போது தம்பியைப் பார்க்காமலே, "பச்சையப்பன் கீழ்க்கழனி ஈரம்டா. டயர் வண்டி சேத்துல எறங்கிடும். பெல்ட் வண்டிதான் போவணும்" என்றார்.

"அது எனுக்குத் தெரியாதா?" என்றார் ராஜ்மோகன். கொஞ்சம் பொறுத்து, "எந்த வழியா போறது, வாய்க்கால் பக்கமா?" என்று கேட்டார். எழுந்து வந்து மறுமூலைக் கயிற்றைப் பிடித்தார்.

அருளின் போன் மறுபடி அடித்தது. எடுத்தாள். "ஆங், சொல்லுங்க சித்தப்பா. வண்டி கெளம்பிடிச்சி" என்றாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை. இந்தத் தொழிலில் அது பொய்யில் சேராது.

பத்திரக்காரர் எழுதி வந்ததைக் குறுக்கே அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தார். தாயும் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து நடத்துகிற தொழில் என்று புதிதாக எழுதலானார். அருளின் பெயருக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். "பக்கத்துல வூட்டுக்காரரு பேரு போட்டுடவாம்மா? தமிழ்க்குமரன்தான?"

"எங்கப்பா பேரப் போடுங்க" என்றாள் அவள், போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தி. "அவரு வாங்கின வண்டிங்க."

அவர் எழுதினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அத்தை தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். வெளியே பெல்ட் வண்டியை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. பத்திரக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சாட்சிக்கு ஒரு ஆளு வேணுமே. மாப்ள சும்மாதான நிக்கறீங்க, வாங்க" என்றார்.

அவர் விரல் வைத்த இடம் தாளின் அடியில் இருந்தது. அங்கே என் பெயரை எழுதினேன். பேனாவைக் கொடுப்பதற்கு முன் மேலே அவளுடைய வரியைப் படித்தேன். அருள்மொழி, தகப்பனார் பெயர் குழந்தைவேல், இடம் மடுகரை. முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். அந்த வரியில் நான் எங்கேயும் இல்லை. அது எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.